நான் வாங்கிய பெரிய டிராக்டர்

வண்டி வாங்குவதில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். படித்தது அஞ்சாங்கிளாஸ். அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை, அன்றைக்கு ஒரு மண் லாரியில் கிளீனராக ஏறிவிட்டேன். கிளீனர், டிரைவர், அப்புறம் சொந்தமாக ஒரு பழைய டிப்பர். அது இரண்டாகி, நாலாகி, ஒரு பொக்லைனும் சேர்ந்தது. வல்லம் வடகாலில் இருந்து ஒரகடம் வரைக்கும் இரண்டு பக்கமும் பளபளவென்று நிற்கிற ஷெட்டுகளில் பாதி, நான் கொட்டின மண்ணின் மேல்தான் நிற்கின்றன. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று சொல்லுவேன். மெக்கானிக்குகளே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்கும்தான் சொல்கிறேன். அப்பேர்ப்பட்டவன் மூன்றரை ஏக்கருக்கு ஒரு டிராக்டர் வாங்கத் தெரியாமல் போனேன்.

மூன்றரை ஏக்கர் என்பது என் பங்கும் தம்பி பங்கும் சேர்த்து. மற்றதைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். மூன்று பக்கம் கம்பெனி காம்பவுண்டு, நாலாவது பக்கம் ஏரிக் கால்வாய். பள்ளத்தில் ஒன்றரை ஏக்கர் நெல், மேட்டில் ஒரு ஏக்கர் வேர்க்கடலை, அரை ஏக்கர் கொய்யா, மிச்சத்தில் கத்தரி, வெண்டை, மாட்டுக்குப் புல். அஞ்சு கறவை மாடு, பத்துப் பன்னிரண்டு ஆடு. பால் காலை ஷிப்டுக்கு முன்னால் கம்பெனி கேட்டுகளுக்கு எதிரே இருக்கிற டீக்கடைகளுக்குப் போய்விடும். என் பிள்ளைகள் இரண்டு பேரும் லைனில் வேலை செய்கிறார்கள். கழனிப் பக்கம் வந்தால் முதலில் ஷூவைத்தான் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழுதது தம்பி ஒருத்தன்தான்.

தம்பி எனக்கு ஒன்பது வயசு சின்னவன். இடது கால் முட்டி அவனுக்குச் சரியாக மடங்காது, அழுத்தினால் நடுங்கும். பிறவியில் வந்ததில்லை. என் டிப்பரில் அவன் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பின்கதவு விடுபட்டு முட்டியில் அடித்தது. அந்தக் கதவின் கொக்கி தேய்ந்திருந்தது எனக்குத் தெரியும். இன்னும் நாலு லோடு அடித்துவிட்டு மாற்றலாம் என்று சொன்னவன் நான்தான். ஆஸ்பத்திரியில் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும், “இனிமே லாரி வேணாண்டா, கழனியப் பாத்துக்கோ” என்று விட்டேன். அண்ணன் என்றால் இப்படி இருக்கணும் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

டிராக்டர் யோசனை வந்தது வாடகை வண்டிகளால்தான். முன்பு எங்கள் பக்கத்தில் உழ வருவதற்கு ஏழெட்டு டிராக்டர் இருந்தது. நிலம் போகப் போக வண்டிகளும் வேறு வேலைக்குப் போய்விட்டன. ஒன்று ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் டேங்கர் இழுக்கிறது, ஒன்று இடித்த கட்டடத்துக் கல்லை அள்ளுகிறது. மிச்சமிருந்த ஒரு டிரைவரும் ஏதோ கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனான். போன பட்டத்தில் நாற்று தயாராக நிற்கிறது, சேறு கலக்கிச் சேடை ஓட்ட வண்டி இல்லை. நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன் என்று இழுத்து, வண்டி வந்தபோது நாற்று முற்றிப்போய்விட்டது. பாதி விளைச்சல்கூட இல்லை.

அப்போதுதான் தம்பி பொண்டாட்டி என்னிடம் வந்து பேசினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. மாட்டுக் கொட்டாயில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் எதிரே வந்து நின்றாள்.

“மாமா, பக்கத்து கம்பெனி கேட்டுக்கு செக்யூரிட்டி வேணும்னு கேட்டுகினே கீறாங்க. கால் கொஞ்சம் இப்படின்னாலும் பரவால்ல, உக்காந்து எழுதற வேலைன்றாங்க. இவரு மாட்டேன்றாரு.”

“ஏன் போவணும்? கழனி இல்ல?”

“அதத்தான் அவரும் சொல்றாரு. ஒரு டிராக்டர் இருந்தா இத்தன மண்ணையும் நான் ஒத்த ஆளா பாத்துக்குவேன், எவனுக்கும் சலாம் போட்டுகினு நிக்க மாட்டேன்றாரு. வெறும் மம்முட்டிய வெச்சிகினு இன்னும் ஒரு வருசம் அவரால முடியாது மாமா. அவரால ஓட்ட முடிஞ்ச வண்டியா பாத்து வாங்கியாங்க.”

“நான் வாங்காத வண்டியா? நீ போய் வேலையப் பாரும்மா” என்றேன். அவள் கேட்டது என் காதில் விழுந்தது. அவரால ஓட்ட முடிஞ்ச வண்டி. அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

தண்டலம் பக்கம் ஒரு டிராக்டர் ஷோரூமுக்கு இரண்டு பேரும் போனோம். நான் வெள்ளை வேட்டி, பாக்கெட்டில் இரண்டு போன். தம்பி சட்டைப் பையில் ஒரு சணல் கயிறு. அது எதற்கு என்று வழியில் நான் கேட்கவில்லை.

உள்ளே நின்ற விற்பனைக்காரர் தெற்கத்தி ஆள். வயசு முப்பத்தஞ்சு இருக்கும். “வாங்க அண்ணாச்சி, உக்காருங்க” என்றார்.

“அண்ணாச்சியா? எங்க ஊர்ல மளிகைக் கடை வெச்சிருந்தாத்தான் அப்படிக் கூப்புடுவோம்” என்றேன்.

“எங்க ஊர்ல மருவாதி உள்ளவங்களக் கூப்பிடுதது அண்ணாச்சி.”

“அப்ப கூப்புடு” என்றேன். சிரித்தார். நல்ல மனுஷன்தான். எத்தனை ஏக்கர், என்னென்ன பயிர், சேடை உண்டா, தோட்டம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பதில் சொன்னது எல்லாம் தம்பி. நான் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெரிய வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது ஹெச்.பி. சிவப்பு. பின்சக்கரம் என் நெஞ்சு உயரம்.

விற்பனைக்காரர் எங்களை மூலையில் நின்ற ஒரு சின்ன வண்டியிடம் அழைத்துப் போனார். இருபத்தேழு ஹெச்.பி., நாலு சக்கரமும் இழுக்கும். “உங்க மூணரை ஏக்கருக்கு இது தாராளம் அண்ணாச்சி. கொய்யாவுக்குள்ளயும் போவும், சேத்துலயும் போவும். வெயிட்டு கம்மி, அதனால ரொம்ப அமுங்காது.”

தம்பி சட்டைப் பையில் இருந்து கயிற்றை எடுத்தான். அதில் இரண்டு இடத்தில் முடிச்சு. ஒன்று கொய்யா வரிசைக்கு நடுவில் கிளைக்குக் கிளை இருக்கிற இடைவெளி. இன்னொன்று கால்வாய் மேல் கழனிக்கு இறங்குகிற குழாய்ப் பாலத்தின் அகலம். விற்பனைக்காரரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, குனிந்து, வண்டியின் அகலத்தை அளந்தான். இரண்டு முடிச்சுக்கும் உள்ளே அடங்கிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அப்புறம் ஏறி உட்கார்ந்தான். ஏறுவதற்குக்கூடச் சிரமப்படவில்லை. இடது காலால் கிளட்சை மிதித்தான். விட்டான். மறுபடி மிதித்தான். மூன்றாவது தடவை மிதித்துக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டான். முட்டி நடுங்கவில்லை.

“நல்லாகீதுண்ணா” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

எனக்கு அந்த வண்டியைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. “இன்னாடா இது, கோயில் திருவிழாவுல ராட்டினத்துக்குப் பக்கத்துல கொழந்தைங்கள வெச்சி ஓட்டுவானே, அந்த மாதிரி கீது. இதுல நான் உக்காந்து ரோட்ல போனா டிப்பர்க்காரன் எல்லாம் வண்டிய நிறுத்திட்டு சிரிப்பான்.”

“ரோட்ல ஏண்ணா போவணும்? நம்ம கழனிக்குத்தானே?”

“கயித்த உள்ள வையி மொதல்ல. மானம் போவுது.”

அவன் கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தான். வைத்துக்கொண்டே, “பள்ளத்துல சேறு வருசா வருசம் ஆழமாகினே போவுதுண்ணா. சுத்தியும் கம்பெனிக்கு மேடாக்கிட்டாங்க, நம்ம தண்ணி வடிய மாட்டேங்குது. பெரிய வண்டி எறங்குனா உக்காந்துடும்” என்றான்.

“இருபது டன் லோட சேத்துலருந்து எடுத்தவண்டா நான். எனக்கு சேறு சொல்லித் தரியா?”

பெரிய வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சத்தம் அப்படி இருந்தது. டயரைத் தட்டினேன், பானெட்டைத் தூக்கினேன், சைலன்சரில் கையை வைத்துப் புகையைப் பார்த்தேன். டிப்பர் வாங்கும்போது என்னென்ன பார்ப்பேனோ அத்தனையும் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. உழவு இல்லாத நாளில் தண்ணீர் டேங்கர் மாட்டி ஓட்டலாம், மண் டிரெய்லர் மாட்டலாம் என்று மனசு ஓடியது. எங்கள் பக்கத்தில் வண்டி என்றால் அது எவ்வளவு இழுக்கும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

தம்பியை ஏறச் சொன்னேன். படியில் வலது காலை வைத்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே போட்டான். கிளட்சை மிதித்தான். பாதியில் முட்டி ஆட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் அந்தக் காலில் போட்டு முழுசாக அழுத்தினான். அதை விற்பனைக்காரர் பார்த்தார். என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, வண்டிய ஓட்டப் போறது யாரு?”

“நாங்கதான்” என்றேன்.

“இல்ல, தெனமும் உக்காந்து ஓட்டுதவரு...”

“வித்தா வித்துட்டு போ. ஆராய்ச்சி பண்ணாத” என்றேன். தம்பி இறங்கி வந்து நின்றான். அவனிடம் நான் கேட்டது, “பழகிடும் இல்ல?” என்றுதான். அவன், “பழகிக்கறேண்ணா” என்றான். ஐம்பத்தஞ்சு வயசு ஆள் அண்ணனிடம் வேறு என்ன சொல்லுவான்?

வண்டி வந்த அன்றைக்குக் குன்றத்தூர் மலையடிவாரத்தில் பூஜை போட்டோம். மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். தம்பி பொண்டாட்டி ஸ்டீயரிங்கில் மஞ்சள் துணி கட்டினாள். குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, “ஓட்டறவா ஏறி வண்டிய எடுங்கோ” என்றார். தம்பி ஒரு அடி முன்னால் வைத்தான். அங்கே நாலைந்து புது வண்டிகள் வரிசையில் நின்றன, ஜனம் நின்றது. இவன் காலைக் கையால் தூக்கிப்போட்டு ஏறுவதை எல்லோரும் பார்ப்பார்களே என்று நான் முந்திக்கொண்டு ஏறிவிட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. கீழே இருந்து அவன் கை தட்டினான். அவள் தட்டவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் கயிறு சொன்னபடியேதான் நடந்தது. குழாய்ப் பாலத்தின் மேல் வண்டி போகவில்லை. அதை இரண்டு பக்கமும் அகலமாக்கினேன். கொய்யாவுக்குள் வண்டி நுழையவே இல்லை. நுழைத்தால் இரண்டு பக்கமும் கிளை முறியும். அங்கே தம்பி பழையபடி மண்வெட்டியால்தான் கொத்தினான், அவ்வளவு பெரிய வண்டியை வரப்பு ஓரத்தில் நிறுத்திவைத்துவிட்டு. வேர்க்கடலை மேட்டை மட்டும் வண்டி ஒரே காலையில் புரட்டிப் போட்டது. ஊரில் பார்த்தவன் எல்லாம் பலே என்றான். அன்றைக்கு மத்தியானம் நான் போனபோது தம்பி கொட்டாயில் உட்கார்ந்திருந்தான். அவன் பொண்டாட்டி முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முட்டி பழம் மாதிரி வீங்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டுத் துணியை இழுத்து மூடினாள். நான் வண்டியின் ஆயிலைப் பார்க்க வந்த மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அடைமழை விட்டு நாலாவது நாள் சேடை ஓட்ட இறங்கினோம். இரும்புச் சக்கரம் மாட்டியாயிற்று. வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். முதல் இரண்டு சுற்று நன்றாகத்தான் போனது. மூன்றாவது சுற்றில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டின மூலையில் வண்டி உட்கார்ந்தது. பின்சக்கரம் பாதிக்கு மேல் உள்ளே. தம்பி ரிவர்ஸ் போட்டான், முன்னால் போட்டான். கிளட்சை அரையில் பிடித்துப் பிடித்து விடவேண்டும். அந்த அரைப் பிடிதான் அவன் காலுக்கு ஆகாதது.

அந்தக் கழனி ஏன் கிணறு மாதிரி ஆகிவிட்டது? சுற்றிலும் நாலடி மேடாக்கினார்கள், எங்கள் தண்ணீருக்குப் போக வழி இல்லை. மேடாக்கின மண் யார் கொட்டினது? நானேதான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து மாசம் இராப்பகலாக என் டிப்பர்கள் ஓடின. அப்போது எங்கள் கழனி எந்தப் பக்கம் வடியும் என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

வரப்பில் நின்று கத்தினேன். “பலகை போடுங்கடா சக்கரத்துக்கு அடியில! டேய், அரைக் கிளட்ச்ல புடி! புடிச்சிகினே இரு!”

“நிக்க மாட்டேங்குதுண்ணா கால்” என்று அவன் கத்தினான்.

“புடிடா!”

பலகை போட்டார்கள். சக்கரத்துக்குப் பிடி கிடைத்த அதே நொடி அவன் கால் நழுவியது. வண்டி எம்பியது. முன்சக்கரம் இரண்டும் ஆள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் ஏறி, சுவரில் போய் இடித்து, இரண்டு சிலாப்புகளைத் தள்ளிவிட்டு நின்றது. இன்ஜின் அடங்கிவிட்டது. அது இன்னும் ஒரு முழம் பின்னால் சாய்ந்திருந்தால் அவன் மேல்தான் விழுந்திருக்கும். அவன் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சுவர் ஓட்டை வழியாகக் கம்பெனி செக்யூரிட்டிகள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சூப்பர்வைசர் ஓடிவந்தார். “யாருய்யா டிரைவர்? யாருய்யா?” என்று கத்தினார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். புது வண்டி, பானெட்டு நசுங்கி, லைட்டு உடைந்து, சேறும் சகதியுமாக நிற்கிறது. உயிர் தப்பினானே என்று ஓடிப்போய் அவனைப் பிடித்திருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நொண்டிக்கெல்லாம் டிராக்டர் கேக்குது பாரு. இவன நம்பி வண்டி வாங்குனேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்.”

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. ஊரில் எவனாவது சொல்லியிருப்பான், முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பான். எதிரே நின்று சொன்னவன் நான். அந்தக் காலை அப்படி ஆக்கினவனும் நான்.

தம்பி இறங்கினான். காலைக் கையால் தூக்கி வெளியே போட்டு, படியில் வலது காலை வைத்து, பார்த்துப் பார்த்து இறங்கினான். தொடை வரைக்கும் சேறு. என்னிடம் வந்து வண்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டான். “இந்தாண்ணா சாவி.” குரலில் கோபம் இல்லை. மோட்டார் தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை பால் கேன் எடுக்கப் போனபோது தம்பி பொண்டாட்டி சொன்னாள். “மாமா, மாட்ட நான் பாத்துக்கறேன். கழனிக்கு நீங்க ஆள் வெச்சிக்கோங்க. அவரு வர்ற திங்கக்கெழமையிலருந்து டூட்டிக்குப் போறாரு.”

“எந்த டூட்டிக்கு?”

“அதான், கேட் டூட்டிக்கு. எட்டு மணி நேரம். ஓ.டி. பாத்தா பன்னண்டு.”

“நான் ஏதோ கோவத்துல...”

“தெரியும் மாமா” என்றாள். கேனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நானே ஓட்டிப் பார்த்தேன். ரோட்டில் ராஜா மாதிரி ஓட்டுவேன், சேற்றில் எனக்கும் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் வைத்தேன். ஒருத்தன் ஒரு மாசம், ஒருத்தன் பத்து நாள். பழகினவுடனே கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஏ.சி. பஸ் வந்து கூட்டிக்கொண்டு போகிறது, அவர்களைச் சொல்லி என்ன? இந்தப் பட்டத்தில் பள்ளக் கழனியில் நெல் இல்லை. கோரை முளைத்து நிற்கிறது. கொய்யாவுக்குள் முழங்கால் உயரம் புல். டிராக்டர் மட்டும் சும்மா நிற்கவில்லை, டேங்கர் மாட்டித் தண்ணீர் அடிக்கிறேன். நன்றாக இழுக்கிறது. அதற்குத்தானே வாங்கினேன்.

இப்போது யாராவது சின்ன நிலத்துக்கு டிராக்டர் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் வந்தால் நான் ஹெச்.பி. பேசுவதில்லை. உன் நிலத்தில் ரொம்பக் குறுகலான இடம் எது, போய் அளந்துகொண்டு வா என்கிறேன். ரொம்ப ஈரமான மாசத்தில் கழனியில் இறங்கி நில், கால் எவ்வளவு உள்ளே போகிறது பார் என்கிறேன். தினமும் அதில் உட்காரப் போகிறவன் எவனோ அவனை முதலில் உட்கார வை, நீ வெளியே போய் டீ குடி, அவன் சொல்கிற வண்டியை வாங்கு என்கிறேன். பெரியவருக்கு எவ்வளவு விவரம் தெரிகிறது என்று தலையாட்டிக்கொண்டு போகிறார்கள்.

போன மாசம் கொட்டாயில் ஆணியில் அந்தக் கயிறு தொங்குவதைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு தனியாகத் தண்டலம் ஷோரூமுக்குப் போனேன். அதே விற்பனைக்காரர். அதே மாதிரிச் சின்ன வண்டி. நானே குனிந்து அளந்தேன். இரண்டு முடிச்சுக்கும் உள்ளே இருந்தது. ஏறிக் கிளட்சை மிதித்துப் பார்த்தேன். குழந்தை மிதித்தாலும் போகும். அவர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் பாட்டில் மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். சொல்லியனுப்புகிறேன் என்று வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி கேட்டில் நிற்கிற கம்பெனியில் இருந்தே டேங்கருக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே புது ஷெட் கட்டுகிறார்கள். டிரைவர் இல்லை, நானே ஓட்டிக்கொண்டு போனேன். கேட்டில் தம்பி. நீலச் சட்டை, தலைக்குக் கொஞ்சம் பெரிசான தொப்பி. பக்கத்தில் அவனுடைய சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார்.

“வண்டி நம்பர் சொல்லுங்க” என்றான் தம்பி. சொன்னேன். “லைசென்ஸ் காட்டுங்க.” காட்டினேன். “எறங்கி கையெழுத்துப் போடுங்க.” இறங்கிப் போட்டேன். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா, லைசென்ஸுக்காக அதை நான் போட்டுப் பழகினபோது சிலேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவனே அவன்தான். சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

“சாப்ட்டியாண்ணா?” என்றான்.

“சாப்ட்டேன். டேய், அந்தச் சின்ன வண்டியப் பாத்துட்டு வந்தேன். ஒன் கயித்தப் போட்டு அளந்தேன். சரியாத்தான் கீது. இதக் குடுத்துட்டு அத எடுத்துடலாம்னு...”

அவன் டிராக்டரைப் பார்த்தான். பானெட்டில் அந்த நசுங்கல் இன்னும் இருக்கிறது. நான் சரிபண்ணவில்லை.

“நல்ல வண்டிண்ணா அது. எடு” என்றான். அப்புறம் கேட்டான், “யாரு ஓட்டுவா?”

நீதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் சொல்லவேண்டியது வேறு ஒன்று இருந்தது. அந்தப் பேச்சுக்கு எங்கே ஆரம்பிப்பது? சுவரில் இடித்த அன்றைக்கா, அந்தக் கொக்கி தேய்ந்த அன்றைக்கா? பின்னால் ஒரு மண் டிப்பர் ஹாரன் அடித்தது.

“பின்னாடி வண்டி நிக்குதுண்ணா. எடு.”

ஏறினேன். கிளட்சை மிதித்தேன். அவன் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினான். டிராக்டரில் நானே மாட்டின ஒரு லாரிக் கண்ணாடி இருக்கிறது. உள்ளே போகப் போக அதில் பார்த்தேன். டிப்பரை நிறுத்தி, காலை இழுத்துக்கொண்டு அதன் பின்பக்கம் போனான். பின்கதவுக்கு நேராக நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்று, கையில் இருந்த கம்பால் கொக்கியைத் தட்டிப் பார்த்தான். அந்தப் பக்கத்துக் கொக்கியையும் போய்த் தட்டிப் பார்த்தான். அதற்கப்புறம்தான் ரெஜிஸ்டரில் எழுதினான்.